பதுளை மாற்றம்

1964 ஜூன் 20, சனி.

கூடைப்பந்தில் கண்டிப் பிள்ளைகளை வென்றுவிட்டோம். மாத்தளை வரும்வரை பஸ்ஸில் ஒரே பாட்டு. என் நினைவு மட்டும் பதுளையில். அங்கே உள்ள பள்ளிக்கூடத்துக்கு வேலை மாற்றம் கேட்டிருந்தேன். என் குழந்தை அங்கே மாமியாரிடம் வளர்கிறது.

அதிபர் அம்மா பள்ளிக்கூடக் கேட்டடியிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஜெயிக்க வச்ச கோச்சை யாராவது விடுவாங்களா? மாத்தம் இப்ப வேணாம் டீச்சர்."

என்னோடு பயிற்சி கொடுக்கும் ரஹீமா, பந்துகளை அலுமாரியில் வைத்துப் பூட்டும்போது மெல்லச் சொன்னாள். "கடைசியில மும்தாஜை ஆட எறக்காம இருந்திருந்தா தோத்திருப்போம். நீங்களும் போயிருப்பீங்க."

எனக்குத் தெரியாதா? மும்தாஜைக் கூப்பிடும்போதே தெரியும். குழந்தையின் முகம் கண்முன் வந்து நின்றது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் அவளை இறக்கினேன்.