அழ வேண்டிய இடம்

என்னை இன்னும் புருஷன் என்று வைத்திருக்கிறாயோ இல்லையோ, என் மனதில் பெண்டாட்டியாகவே இருக்கும் உனக்கு,

நான் நலம், இடது காலைத் தவிர. அது ஜமீன்தார் மாதிரி நீட்டிப் படுத்திருக்கிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்துக் கோழி கிளறியது என்பாய். சிரித்துவிட்டுக் கிழி.

ஆஸ்பத்திரியில் எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. கை காலை மடக்கிப் பழக்கும் பிசியோக்களுக்கு, மனசையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வகுப்பு நடக்கிறது. ரோட்டில் அடிபட்டவனுக்கு எலும்பு கூடினாலும் பயம் போகாதாம், தூக்கம் வராதாம். அதையும் இவர்களே கேட்டு ஆற்ற வேண்டுமாம். நல்ல விஷயம்தான். ஆனால் கேட்டுப் பழக ஓர் ஆள் வேண்டுமே? வார்டில் மற்றவர்கள் முனகுகிறார்கள், நான் பேசுகிறேன். வகுப்பு எடுக்கும் மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

தினமும் ஒவ்வொருவராக வருகிறார்கள். திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, தலையைச் சாய்த்து, "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமாண்ணே?" என்கிறார்கள். எல்லோருக்கும் தலை ஒரே பக்கம்தான் சாய்கிறது. நானும் சொல்வேன். தக்காளி லோடு, நான் ஓட்டினேன், பக்கத்தில் என் மச்சினன், சிக்னலில் நின்றிருந்தோம், மணல் லாரி அவன் பக்கமாக வந்து ஏறியது. அவன் போய்விட்டான் என்று நான் சொன்னதும் அவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அது பாடம். பிறகு தோளில் கை. ஒருத்தன் அவசரத்தில் அடிபட்ட தோளையே அழுத்திவிட்டான். "தம்பி, மனசு இந்தப் பக்கம் இல்ல" என்றேன்.

பக்கத்துக் கட்டில் பெரியவர் கேட்கிறார், "உன் மச்சினன் இன்னைக்கு எத்தனை மணிக்குப்பா சாவான்?"

சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு நாள் அவனைப் பிழைக்க வைத்துவிட்டேன். கண் விழித்தான், டீ கேட்டான், ஆறிப்போச்சு என்று நர்ஸோடு சண்டை போட்டான் என்று அளந்துவிட்டேன். கேட்ட பெண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். மறுநாள் மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார், "கதையை மாத்தாதீங்க. பரீட்சை வருது. வழக்கமா அழுற இடத்துலயே அழுதீங்கன்னா பிள்ளைங்களுக்கு மார்க் போட வசதியா இருக்கும்." அழுதேன். பிரமாதமாக வந்ததாம்.

எல்லோரும் பாஸ். என்னை நடுவில் உட்கார வைத்து போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம் பெரிய டாக்டர் வந்து என் முழங்காலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. நேற்று வந்தவர் மடக்கியிருப்பார் என்று இன்று வந்தவர் நினைத்திருக்கிறார். எல்லோருமாகச் சேர்ந்து மனசைப் பார்த்ததில் காலை ஒருவரும் தொடவே இல்லை. இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மேடம் வருத்தப்பட்டார். அதற்கும் தலை சாய்ந்தது.

நீ ஒரே ஒரு தடவை வந்தாய். கட்டிலுக்குக் கிட்டே கூட வராமல், "அவனை விட்டுட்டு நீ மட்டும் எப்படி வந்த?" என்று கேட்டுவிட்டு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். பதிலுக்கு நிற்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டியை வெட்டி எங்களை வெளியே எடுக்கும்வரை அவனுக்கு நினைவு இருந்தது. என்னோடு பேசிக்கொண்டே இருந்தான். பாதிக்கு மேல் உன் பேச்சுதான். அதை நான் இந்தப் பிள்ளைகள் ஒருவருக்கும் சொல்லவில்லை, மேடத்துக்கும் சொல்லவில்லை. காகிதத்திலும் எழுத மாட்டேன். வந்து கேள். திட்டிக்கொண்டே கேட்டாலும் சொல்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அத்தையையும் சாப்பிட வை. நல்லாயிரு.

இப்படிக்கு,
உன் தம்பிக்கு மாமா