பரிசலில் எனக்கு இடமில்லை

செப். 15, செவ்வாய்

வெள்ளிமலையில் இறங்கும்போது மழை. வழி முழுக்க வளைவு, பஸ் முழுக்க வாந்தி. நான் இல்லை, தங்கை மல்லிகா. என் மடியில். இறங்கி முகம் கழுவியதும் அவள் பளிச்சென்று நிற்கிறாள், புளித்த வாடை என் புடவையில்.

சித்தப்பா குடையோடு நின்றார். இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டுக்கு எதிரிலேயே ஏரி. மழையில் எது ஏரி, எது மேகம் என்று தெரியவில்லை.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். ஏரியை அளக்க வந்திருக்கும் ஓவர்சியர் சண்முகம், திருக்கோவிலூர்ப் பக்கம், நம்ம ஆட்கள். அவர் என்னைப் பார்க்க வேண்டும். ஆனால் பெண் பார்த்ததாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு வீட்டார் வந்து பஜ்ஜி தின்றுவிட்டு "லெட்டர் போடறோம்" என்று போனவர்கள்தான். மூன்றாவதும் தட்டிப்போனால் களமருதூரில் தலைகாட்ட முடியாது என்பது அம்மா கணக்கு. அதனால் நாங்கள் மலை சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகள். அவரிடம் அவர் அப்பா சொல்லி அனுப்பியது "வாத்தியாரோட அண்ணன் மக வருது, பாத்துக்கோ" என்பது மட்டும். வெள்ளிக்கிழமை இரண்டு அப்பாக்களும் மேலே வந்து பேசி முடிப்பார்கள்.

வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாதாம். துணைக்கு ம. பதினெட்டு வயது, சிவப்பு, கன்னத்தில் குழி. நல்ல துணை பார்த்தாள் அம்மா.

செப். 16, புதன்

வெயில். ஏரி தெரிந்தது. சுற்றிலும் மலை, நடுவில் தட்டில் ஊற்றியது போலத் தண்ணீர். கரையோரம் அங்கங்கே நாலைந்து கூரைகள் சேர்ந்து ஓர் ஊர். பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கூப்பிடச் சித்தப்பா தாழ்கரைக்குப் போகிறார், அளவு எடுக்க ஓவர்சியரும் அதே வழி, நாங்களும் சும்மா கூட. நான் புடவை, ம. தாவணி. நானும் தாவணிதான் கேட்டேன். "இருபத்தஞ்சு வயசுல தாவணி சுத்தினா ஊரே சிரிக்கும்டி" என்று அம்மா பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டாள்.

ஆள் நல்ல உயரம். ஒட்ட வெட்டிய மீசை. சட்டைப் பையில் இரண்டு பேனா. பிடித்திருக்கிறது, எழுதுவதற்கு என்ன வெட்கம், பிடித்திருக்கிறது.

பரிசல்காரர் சடையன் முதலிலேயே சொல்லிவிட்டார். "மூணு பேருதாங்க. ஜாஸ்தி ஏறினா சுத்திப்புடும்." சித்தப்பா கட்டாயம். ஓவர்சியர் கட்டாயம். "கோமதி, ஏறும்மா" என்றார் சித்தப்பா. அதற்குள் ம. தாவணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாவு. இறங்கு என்று சொல்ல வேண்டியதுதானே? "அவளே போகட்டும் சித்தப்பா, சின்னப் பொண்ணு" என்றேன். அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன வசனம். நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம்.

கரைவழியே தூக்குச்சட்டியும் நானும் நடந்து போனோம். இரண்டு பக்கமும் சாமைக் காடு. வழியெல்லாம் ஏரிமேல் பரிசல். அவர் கையை நீட்டி நீட்டி எதையோ காட்டுகிறார், ம. தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். சிரிப்பு மட்டும் தண்ணீர்மேல் வந்தது, பேச்சு வரவில்லை.

தாழ்கரையில் இலை போட்டுப் புளிச்சோறு வைத்தேன். "போதுங்கக்கா" என்றார்.

அக்கா. என்னைவிட மூன்று வயது பெரியவர்.

செப். 17, வியாழன்

பஸ் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரேடியோவில் இரண்டு வரிதான் சொன்னார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே வந்த சந்தைக்காரர் மீதியைச் சொன்னார். "ரோட்டுல புளியமரத்த வெட்டிச் சாச்சிக்கிறாங்கம்மா. சைக்கிள் கூடப் பூராது." பி.காம். முடித்துச் சும்மா இருக்கும் தம்பி நிச்சயம் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். அவனுக்காவது உட்கார ரோடு இருக்கிறது. எனக்கும் ஏதாவது ஒதுக்கச் சொல்லி எந்த ரோட்டில் போய் உட்காருவது?

இன்று மேக்கரை. நடைதான், பரிசல் இல்லை, அதனால் எல்லோருக்கும் இடம் இருந்தது. ஏற்றம். கடுக்காய் மரங்கள். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கோயில் பக்கத்தில் இருக்கிறதாம். ம. காலில் முள் ஏறியது. சித்தப்பா முன்னால் போய்விட்டார். ஓவர்சியர் மண்டிபோட்டு உட்கார்ந்தே விட்டார், நான்தான் தள்ளிவிட்டு முள்ளை எடுத்தேன். கொஞ்சம் அழுத்தித்தான் எடுத்தேன்.

ம. நொண்டிக்கொண்டு முன்னால் போக, அவர் என்னோடு நடந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். கேட்டார்:

"உங்க வூட்டுக்காரரு வரலீங்களா?"

முதலில் புரியவில்லை. பிறகு எல்லாமே ஒன்றாகப் புரிந்தது. ஒருத்தி புடவை, ஒருத்தி தாவணி. புடவை கட்டினவள் சோறு போடுகிறாள், பை தூக்குகிறாள், சின்னவளை அதட்டுகிறாள். அப்படியானால் கட்டிக்கொடுத்த அக்கா. தாலி உள்ளே இருக்கும். பார்க்கச் சொன்ன பெண் தாவணிக்காரி.

"இன்னும் கல்யாணம் ஆகல" என்று சொன்னால் முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "வரல. அவருக்கு வேல" என்றேன்.

செப். 18, வெள்ளி

தூறல். அப்பாக்கள் வரவில்லை, எப்படி வருவார்கள். சித்தி நாள் முழுக்க வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். மண்ணெண்ணெய் தீர்கிறது.

ம.வுக்கு அவர் இதுவரை கொடுத்தவை: சீதாப்பழம் (கூடையோடு), மலைத்தேன் ஒரு பாட்டில், ஏரியை அவரே வரைந்த படம், ஊர்ப்பேரெல்லாம் எழுதி. என்னிடம் கேட்டவை: உப்பு.

ம. என் சோப்பைக் கரைத்துவிட்டாள். கேட்டால், "இன்னாக்கா, சோப்புக்குப் போய் மூஞ்சத் தூக்கற?" சோப்புக்குத்தான் என்று சொல்லி வைத்தேன்.

அவள் ஒன்றும் மினுக்கவில்லை, அதுவும் தெரிகிறது. தலைகூடச் சரியாக வாருவதில்லை. வாராமலே இப்படி என்றால்.

செப். 20, ஞாயிறு

மூடுபனி. ஏரியைக் காணவில்லை, பரிசலும் போகவில்லை. நிம்மதி.

மத்தியானம் சித்தி என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அந்தத் தம்பி உன்னக் கட்டிக்குடுத்த பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருக்குடி! 'பெரியக்காவுக்குப் பசங்க எத்தினி'ன்னு என்னையே கேக்குது."

"நீ இன்னா சொன்ன சித்தி?"

"நான் இன்னாத்தச் சொல்றது? நீதான் பொண்ணுன்னு சொன்னா அப்புறம் அது பொண்ணு பாத்த மாதிரி ஆயிடுமே. உங்கம்மா என்ன வுடுவாளா? பால் பொங்குதுன்னு உள்ள வந்துட்டேன்."

சித்தப்பாவும் சொல்ல மாட்டார், சொன்னால் முறைப்படி பேச்சு ஆரம்பித்ததாகிவிடுமாம். ஆக, மலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. மேக்கரை வழியில் நான் அவருக்குச் சொன்ன பதிலைச் சித்தியிடம் சொல்லவில்லை. செருப்பால் அடிப்பாள்.

வெயில் வந்ததும் ம. கரைக்கு ஓடினாள். "பரிசல் தள்ளக் கத்துக்கறேங்கா!" சித்தப்பா பின்னால் ஓடினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துடுப்பு அவள் கையில், எதிரே ஓவர்சியர், பரிசல் ஒரே இடத்தில் சுற்றுகிறது, மூன்று பேரும் சிரிக்கிறார்கள். கவிழட்டும் என்று நினைத்தேன். சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

செப். 22, செவ்வாய்

அவர் அப்பா வந்துவிட்டார், நடந்தே. வேட்டி முழங்கால்வரை சேறு. "எத்தினி மரம்டாப்பா, ஏறி எறங்கி ஏறி எறங்கி இடுப்பே வுட்டுப்போச்சு. ஆனா வுடக் கூடாது, இந்தத் தபா கெடச்சாவணும்." இது மறியலைப் பற்றி. எங்கள் அப்பா உளுந்தூர்பேட்டையைத் தாண்ட முடியவில்லையாம், "நீங்களே பேசி முடிச்சிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "இதானே மூத்தது? கோமதி? லட்சணமா கீது. இன்னாடா சண்முகம், பாத்துட்டல்ல?"

ஓவர்சியர் முகத்தைப் பார்க்கக் கூடாதென்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். பார்வை என்னிடமிருந்து ம.விடம் போனது, திரும்ப என்னிடம் வந்தது. "அவருக்கு வேல"ன்னு யாரைச் சொன்னே என்று கேட்கிற பார்வை. நான் சோற்றுப்பானைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அப்பாவும் பிள்ளையும். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அரிசி புடைக்கிறேன்.

"மூத்தவ நிக்கையில சின்னவளக் கேக்கறது நம்ம வழக்கத்துலயே கெடையாது. கேட்டா ரெண்டு வூட்டுக்கும் அசிங்கம்."

முறத்தின் சத்தத்தைக் குறைத்தேன்.

"நான் தெரியாமதாம்பா..."

"தெரிஞ்சோ தெரியாமயோ. இப்ப இன்னா சொல்ற?"

"நீங்க சொல்றதுதாம்பா."

முறத்தில் கல்லைவிட அரிசிதான் அதிகம் வெளியே போனது.

செப். 23, புதன்

மறியல் முடிந்ததாம். நாளைக்கு பஸ் ஓடும் என்று பேச்சு. விடிந்ததும் சித்தி: "அவங்க சரின்னுட்டாங்க. உன் வாயால ஒரு வார்த்த சொல்லிடு."

"ஏரியில ஒரு தபா போயிட்டு வந்து சொல்றேன்" என்றேன். சித்தி முறைத்தாள், ஆனால் கூட வந்தாள். பரிசலில் சித்தி, அவர், நான். கரையில் ம. கையாட்டினாள்.

நடு ஏரிவரை போனோம். இவ்வளவு பெரிது என்று கரையிலிருந்து தெரியவில்லை. தண்ணீர் கறுப்பு, அடியில் பாசி. குளிர். அவர் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எதையும் காட்டவில்லை. நானே கேட்டேன், கூரைகள் தெரிந்த பக்கம் காட்டி: "அது எந்த ஊரு?"

"மேக்கரைங்க."

நான் நடந்து போன ஊர்தான். தெரிந்துதான் கேட்டேன். அவருக்கும் அது தெரியும்.

வேண்டாம் என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. அவர் மனசில் இன்னொருத்தி, வாயில் அவர் அப்பா சொன்ன சொல். அதற்குமேல் நான் சொன்ன பொய் வேறு. ஆனால் நான் வேண்டாம் என்றால் இரண்டு வருஷம் கழித்து, எனக்கு எங்கேயோ ஒரு இடம் முடிந்ததும், இதே ஆள் ம.வைக் கேட்டு வருவார். வருவார். அவர்களுக்கு நான் பந்தியில் இலை போடுவேன். அதை நினைத்ததும் வயிறு எரிந்தது. கரை ஏறினவுடன் சித்தியிடம் "சரி" என்றேன். அவள் கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

ம. ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நிஜமான சந்தோஷம். கண்ணை உற்றுப் பார்த்தேன், ஒரு துளி வருத்தம் இருந்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். இல்லை.

"நல்ல ஆளுக்கா. ஆனா காதுல பஞ்சு வெச்சிக்கோ. பரிசல்ல ஏறினா எறங்கற வரிக்கும் வாய மூடறதே இல்ல, தொணதொணன்னு. நான் அவரு சொன்னதுல பாதி கேக்கவே இல்ல."