பின்வாசல்

இர்பித்
ஜோர்டான்
14 பிப்ரவரி 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

ரிஹாம் எழுதுகிறேன். அம்மா நலம். பள்ளிக்கூடத்தில் இன்னும் நான்கு மாதம் ஓட்டினால் ஓய்வூதியம் உறுதி என்று நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அனுப்பிய ஸ்வெட்டர் அவளுக்குச் சரியாக இருக்கிறது. எனக்குத்தான் கை நீளம்.

டெட்ராய்ட் கல்லூரியிலிருந்து இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. இடம் தந்துவிட்டார்கள். உதவித்தொகைக்கு உங்கள் வருமான வரித் தாள்களின் நகல் வேண்டுமாம். கிரீன் கார்டு இருப்பதால், நான் வெளிநாட்டில் வசித்தாலும் விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைய எனக்குக் கொடுத்த அனுமதி ஆகஸ்ட் இருபதோடு முடிகிறது. அதற்குள் வராவிட்டால் கார்டு போச்சு. உதவித்தொகை இல்லாமல் வந்தால் படிப்பு போச்சு.

ஜனவரியில் அங்கே நம் ஊர்க்காரர்கள் சங்கத்தில் நம் தெரு நசீஃப் உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். தாள்களை மட்டும் ஏன் இன்னும் அனுப்பவில்லை?

உங்கள் மகள்
ரிஹாம்


டெட்ராய்ட்
9 மார்ச் 1998

என் கண்ணே ரிஹாம்,

இங்கே பனி இன்னும் விடவில்லை. வரிக் கணக்கு பார்ப்பவர் ஊரில் இல்லை. வந்ததும் அனுப்பிவிடுகிறேன். கடையில் வேலை அதிகம். முதலாளி என்றால் தலைக்கு மேல் ஆயிரம் இருக்கும், உனக்குத் தெரியாததா?

நசீஃப் கெட்டிக்காரன். அவன் நிரப்பியது தப்பாகாது. அம்மாவிடம் சொல், கவலைப்பட வேண்டாம்.

உன் அப்பா
ஃபவாஸ்


இர்பித்
22 ஏப்ரல் 1998

அப்பாவுக்கு,

கல்லூரி பதில் போட்டுவிட்டது. சொந்தக் கடை வைத்திருக்கும் குடும்பம், முழுச் செலவையும் தாங்குவதாகத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறது, ஆகவே உதவித்தொகை தேவையில்லையாம். மேல்முறையீடு செய்ய ஜூன் முப்பது வரை நேரம், அதுவும் வரித் தாள்களோடு.

நேற்று நசீஃபின் அம்மா வந்திருந்தாள். தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி ரிஹாம், முதலாளி பொண்ணுக்கு எதுக்குடி இனாம் காசு? ஏழைப்பட்ட பிள்ளைங்களுக்காவது விடேன்."

அம்மா சட்டென்று சொன்னாள்: "உன் மகன் எழுதினதத்தான் அவங்க படிச்சிருக்காங்க. நீ டீயக் குடி."

சரி அப்பா, நீங்கள் முதலாளி. அப்படியென்றால் நீங்களே கட்டுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். வீட்டு வாசலில் பெருமை, உள்ளே ஒன்றுமில்லை என்கிற இந்தத் தெருவின் வியாதி எனக்கு அலுத்துவிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது. காத்திருந்தே கிழவியாகிவிடுவேன் போலிருக்கிறது.

ரிஹாம்


டெட்ராய்ட்
10 மே 1998

ரிஹாம்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

கடை என்னுடையது இல்லை. எலியாஸ் என்பவருடையது. ஒன்பது வருடமாகப் பின்பக்கம் லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்குகிறேன். நீயும் அம்மாவும் கார்டுக்காக வந்து ஒரு மாதம் தங்கினீர்களே, அப்போது அவர் பெரிய மனதுடன் தன் பழுப்புக் கோட்டு ஒன்றையும் மாட்டிவிட்டு, கல்லாவில் உட்கார இடம் கொடுத்தார். உனக்கு எடுத்துக் கொடுத்த சாக்லேட்டுகளை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அது நியாயம்தான்.

அன்று சங்கத்தில் நசீஃப் பேனாவை எடுத்துக்கொண்டு, "சித்தப்பா, தொழில் என்னன்னு போடறது?" என்றான். பின்னால் நம் ஊர்க்காரர்கள் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். "கடை" என்றேன். "சொந்தக் கடைதானே?" என்றான். தலையாட்டினேன். குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டான். நம் ஊரில் யாராவது "ஏதாவது வேணுமா" என்று கேட்டால் என்ன சொல்வோம்? இறைவன் அருளால் ஒரு குறையும் இல்லை என்போம். அவரும் விடாமல் இன்னும் இரண்டு முறை கேட்பார். அப்புறம்தானே வாய் திறப்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். மறுபடி கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்கவில்லை. எழுதிவிட்டான்.

வரித் தாளைப் பார்த்தால் உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் அனுப்பவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா


இர்பித்
26 மே 1998

அப்பாவுக்கு,

அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். கடிதத்தைக் காட்டியபோது அவள் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "கல்லாவில உட்கார்ற மனுஷனுக்கு எதுக்குடி ராவெல்லாம் இடுப்ப நீவி விடணும்? அங்க இருந்தப்பவே தெரியும். அவரா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். பிறகு பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுதி மூன்று பக்கம் ஆனது. அதை அனுப்பவில்லை. பெட்டி தூக்குவதில் வெட்கம் என்ன? அதை வெட்கம் ஆக்கியவர்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து அடுத்தவன் மகள் படிப்பை அளப்பவர்கள், அவர்களுக்காக ஒன்பது வருடம் நடித்தீர்கள். அந்தப் படிவம் ஒரே ஒரு முறைதான் கேட்கும். அதற்கு நம் மரியாதை தெரியாது.

மேல்முறையீட்டுக் கடிதம் இத்துடன். உண்மையை எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, வரித் தாளோடு கல்லூரியில் கொடுங்கள். நசீஃபிடம் போக வேண்டாம்.

ரிஹாம்


டெட்ராய்ட்
17 ஜூன் 1998

ரிஹாம்,

கொடுத்துவிட்டேன். நசீஃபிடமும் போனேன். படிவத்தைத் திருத்த வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள், அவனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அன்றும் வரிசை இருந்தது. "தொழில் மாத்தணும். பெட்டி இறக்குறவன்னு போடு" என்றேன். வரிசையில் நின்ற ஒருவர், "தம்பி, என்னோடதயும் கொஞ்சம் எடு. அதுலயும் ஒண்ணு மாத்தணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள் வேலைக்குத்தான் எழுந்தேன். அவ்வளவு களைப்பு.

அப்பா


இர்பித்
29 ஜூலை 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

உதவித்தொகை வந்துவிட்டது. முழுதாக இல்லை. மீதிக்கு நான் வேலை பார்க்க வேண்டும். அம்மா ஓய்வூதியத் தாள்கள் கைக்கு வந்ததும், அந்த இருபதாம் தேதிக்குள் வருகிறாள். நசீஃபின் அம்மா இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தேநீர் மிச்சம்.

ஆகஸ்ட் பன்னிரண்டு, புதன்கிழமை, காலை இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு வர வேண்டாம், ஒரு நாள் கூலி போய்விடும். எலியாஸின் பழுப்புக் கோட்டையும் வாங்கி மாட்ட வேண்டாம். கடை எங்கே என்று எனக்குத் தெரியும். முன்வாசல்தான் தெரியும். பின்வாசலைக் கேட்டுக் கண்டுபிடித்து வந்துவிடுகிறேன்.

உங்கள் மகள்
ரிஹாம்