கொஸ்தான் போட்டு ஏறிய மேடு

என் அன்புக்கும் வம்புக்கும் சொந்தக்காரனான ராஜு மச்சானுக்கு,

இதை எந்தத் தபாலில் போடுவது என்று தெரியாமலே எழுதுகிறேன். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் தெங்கேரா கடைத்தெருவில் என்னைப் பார்த்து, நீ போய்விட்டாய் என்றார். காய்ச்சலாம். ரயில் பாதை போட உன்னை லாரியோடு பிடித்துக்கொண்டு போன ஜப்பான்காரன், லாரியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறானாம். நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், மச்சான்.

உன் தங்கை பாக்கியத்திடம் மூச்சு விடவில்லை. நிறைமாதக்காரி, முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். "அண்ணங்கிட்டேருந்து சேதி ஏதும் வந்துச்சா?" என்று அதுவரை தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்தே கேட்பதை விட்டுவிட்டாள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் நான் கார் ஓட்டுகிற டாக்டர் எனக்கொரு தலைவலி கொடுத்தார். இந்தக் காலத்தில் டயருக்கு எங்கே போவது? அவருடைய இரண்டு காருக்கும் இருந்ததில், நல்ல டயர் ஒரு காருக்குத்தான் தேறியது. "மழக்காலம் வருது சின்னையா. நீதான் ஓட்டப்போற, எந்தக் காருன்னு நீயே சொல்லு" என்றார். ஒன்று, பின்சக்கரம் தள்ளிக்கொண்டு போகும் இங்கிலீஷ் கார். மற்றது, முன்சக்கரம் இழுத்துக்கொண்டு போகும் பிரெஞ்சுக் கார்.

உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். காஜா பேராங் காப்பிக்கடையில் இதற்காக எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம்! "மாட்ட வண்டிக்கு முன்னாலதானே மச்சான் கட்டுறோம்? இழுக்கிறதுதான் முறை" என்பேன் நான். "அட போ மச்சான், சேத்துல மாட்டுன வண்டிய எல்லாரும் பின்னால நின்னுதானே தள்ளுறாங்க" என்பாய் நீ. சீனக் கடைக்காரர் அடிதடி வரப்போகிறது என்று பயந்து, கிளாசுகளை எடுத்து உள்ளே வைப்பார்.

சண்டை போட நீ இல்லாதபோதுதான் நிதானமாக யோசித்தேன். பிரெஞ்சுக் காரில் இன்ஜின் பாரம் அப்படியே இழுக்கிற சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழையில் தரை வழுக்கினாலும் மூக்கு திரும்பிய பக்கம் போகும். இங்கிலீஷ் கார் அப்படியில்லை. புக்கிட் பாரு வளைவில் ஒரு தடவை வால் வீசிச் சுற்றி, நானும் டாக்டரும் வந்த திசையையே பார்த்து நின்றோம். ஆனால் உன் லாரிக்குப் பின்னால் எப்போதும் ரப்பர் பாரம் இருந்தது. அந்தப் பாரம் பின்சக்கரத்தை அமுக்கிப் பிடித்ததால்தான் நீ எந்த மேட்டையும் ஏறினாய். நீயும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இது நீ உயிரோடிருக்கும்போதே ஏன் நமக்கு உறைக்கவில்லை? பிரெஞ்சுக் காருக்கே டயரை மாட்டினேன்.

பாக்கியத்துக்கு வலி எடுத்த அன்று காலையிலிருந்தே பேய்மழை. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவை உனக்குத் தெரியுமே, பிள்ளைப்பேறு பார்க்கிற, மலாயே பேசுகிற செட்டி வீட்டு அம்மா. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெலிந்தாங்" என்று கையைக் குறுக்கே பிடித்துக் காட்டினார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது. டாக்டர் அப்போது ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், கார் என்னிடம் இருந்தது. இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ரோடெல்லாம் வெள்ளம். கார் கோடு போட்டது மாதிரி நேராகப் போயிற்று. பார்த்தாயா மச்சான் என்று மனதுக்குள் உன்னிடம் பீற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரி மேடு வரைக்கும்தான் அந்தப் பெருமை. சரிவு மண் ரோட்டில் இறங்கிச் சேறாய்க் கிடந்தது. பாதி மேட்டில் முன்சக்கரம் சும்மா சுற்றியது. பாரமெல்லாம் பின்னால் சாய்ந்துவிட, கார் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. மறுபடி ஏறினேன், மறுபடி வழுக்கியது. உள்ளே பாக்கியம் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பான காரை எடுத்து இந்தப் பிள்ளையையும் கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போது உன்னைத்தான் கூப்பிட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்வாய்? பாரம் இருக்கிற பக்கம் சக்கரத்தைக் கொண்டு போவாய். மேடு பாரத்தைக் கீழ்ப்பக்கம்தானே தள்ளுகிறது? அப்படியானால் இழுக்கிற சக்கரம் உள்ள இந்தக் காரின் மூக்கல்லவா கீழே இருக்க வேண்டும்! மேட்டடியில் காரைத் திருப்பி நிறுத்தி, பின்னால் போகிற கியரில் கொஸ்தான் போட்டேன்.

"கொஸ்தான்? கீலாகா லூ?" என்று லெட்சுமி அக்கா அலறினார். பைத்தியமா உனக்கு என்று கேட்கிறார். பதில் சொல்ல நேரமில்லை. மழையில் தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்தபடி மிதித்தேன். சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடித்தது. இழுக்கிற கார், கீழேயிருந்து முட்டித் தள்ளிக்கொண்டு பின்னாலேயே மேட்டில் ஏறியது.

வலிக்கு நடுவே பாக்கியத்துக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு குரல். "அண்ணன் இருந்திருந்தா, 'பாத்தியா மச்சான், கடைசியில தள்ளித்தானே ஏத்துன'ன்னு சொல்லியிருக்கும்."

'இருந்தா' இல்லை மச்சான். 'இருந்திருந்தா.' அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மிதித்த காலை நான் எடுக்கவில்லை.

டாக்டர் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார். பெண் பிள்ளை. இரண்டு உயிரும் பிழைத்தன. பாக்கியம் கண் திறந்து பேசியபோது கேட்டேன், எப்போது தெரியும் என்று.

"சயாம்லேருந்து வந்த அந்த ஆளு மொதல்ல நம்ம வீட்டுக்குத்தான் வந்தாரு. நீங்க மழையில வண்டி ஓட்டுறவரு. மனசு ஒடஞ்சு ஓட்டி உங்களுக்கும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் என்னங்க செய்வேன்?"

ஒரே பாயில் படுத்துக்கொண்டு இத்தனை நாளும் தனித்தனியாக உனக்காக அழுதிருக்கிறோம். அன்று சேர்ந்து அழுதோம். நர்ஸ் வந்து திட்டும்வரை அழுதோம். காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைப்பது என்று கேட்டு அவள் மறுபடி ஆரம்பித்தாள். நீயே சொல், மச்சான்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். உன் பேச்சை வாய்க்குள் வைத்துப் பூட்டுவது இன்றோடு சரி. பிள்ளையிடம் 'உன் மாமன் இருந்திருந்தால்' என்று இழுக்க மாட்டோம். 'உனக்கொரு மாமன் இருந்தான், இப்படிக் கத்துவான், இப்படிச் சிரிப்பான்' என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொல்வோம்.

உன் தங்கை புருஷன், உன் மருமகளின் அப்பன்,
சின்னையா