அன்று அமிழ்ந்தது நானல்ல, ஓய்

கல்கத்தா சால்ட் லேக்கில் உம் வீட்டுக்கு எதிரே கால்வாயைத் தூர் வாருகிறார்கள். வாரிய கறுப்புச் சேற்றைக் கரையில் குவித்திருக்கிறார்கள்; அதன் பக்கத்தில் இமயமலை கொஞ்சம் குட்டைதான். உம்முடைய பதினாறாம் நாள் விசேஷத்துக்காக பவானிபூரிலிருந்து வந்து ஆட்டோவை விட்டு இறங்கினேன். அழுகிய கோரையும் மீன் செதிலும் துருப்பிடித்த இரும்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. கண்ணீர் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. நான் கோபப்பட்டால் ஹூக்ளி ஆறு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் ஓடும் என்பது உமக்குத் தெரியும். அன்றும் நின்றிருக்கும், யாரும் கவனிக்கவில்லை.

இறந்தவரைத் திட்டுவது முறையில்லைதான். ஆனால் உம்மை விட்டால் நான் யாரைத் திட்டுவது? இருந்த ஒரே சாட்சி நீர்தானே?

அந்த மார்கழி ஞாயிறு. இன்று உம் வீடு நிற்கிற இடத்துக்குக் கிழக்கே அன்று கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு. உள்ளான் குருவி சுடுவது அப்போது குற்றமில்லை. இன்று சுட்டால் நம்மைச் சுட்டுவிடுவார்கள். பேங்க் குமாஸ்தாக்களான நாம் இருவரும் அந்த ஒரு நாள் மட்டும் ஜமீன்தார்கள். துப்பாக்கி உம் மாமனாருடையது. துறைமுகத்தில் பெரிய அதிகாரி. அவருடைய மீசையைத் தனியாக எடை போட்டால் ஒன்றே முக்கால் கிலோ தேறும்.

செருப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினோம். மேலே ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளம் மாதிரி கிடக்கும், கீழே பாதாளம். கோரைத் தூரின் மேல் மட்டும் மிதிக்க வேண்டும், காலை மேலே பிடுங்காமல் பின்னால் உருவ வேண்டும், எங்கேயும் நிற்கக்கூடாது. இந்தச் சட்டமெல்லாம் நீர் எனக்குச் சொன்னது. "நின்னீருன்னா போச்சு, வே" என்று வழியெல்லாம் அதிகாரம் பண்ணிக்கொண்டு வந்தீர். ஒரு காலை உருவி எடுப்பதற்குள் டெல்லியில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்து இன்னொன்று வந்துவிடும், அப்படிப்பட்ட சேறு.

அப்புறம் உள்ளான் எழுந்தது. அது நேராகப் பறக்காது, வெட்டி வெட்டிப் பறக்கும். நீர் குறி பார்த்தீர். குறி பார்க்க நின்றீர். சட்டம் சொன்ன வக்கீல் நின்றார்! பறவை போய்விட்டது, நீர் வானத்தைச் சுட்டீர், நான் திரும்பிப் பார்த்தபோது இடுப்புவரை காணவில்லை. நான் கோரையை ஒடித்துப் பரப்பி அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வருவதற்குள் மார்புவரை போயிருந்தீர். கையை நீட்டினேன். நீர் கையைத் தரவில்லை, துப்பாக்கியைத் தந்தீர்.

"மொதல்ல இத வாங்கும்வே. இது போச்சுன்னா மாமனாரு என்னயக் கொன்னுருவாரு."

சேறு உம்மைக் கொன்றுகொண்டிருந்தது. நீர் மாமனாருக்குப் பயந்தீர். துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, என் தலைத்துண்டை உம் அக்குளில் சுற்றி இழுத்தேன். ஆயிரம் யானை பலம் என்றெல்லாம் இப்போது சொல்லப்போவதில்லை. பயந்துபோன ஒரு மனிதனின் பலம்தான். என் வலது தோள்பட்டை கழன்றது. நீர் வெளியே வந்தீர், உம் கால்சட்டை வரவில்லை.

கரையில் உட்கார்ந்து நீர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நான் முங்குனேன்னு தெரிஞ்சா வீட்டுல இனிமே விடமாட்டா. இந்த ஒரு ஞாயித்துக்கெழமைக்கு நீரு முங்குனதா இருக்கட்டும்வே." நான் சரி என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை! அரை நூற்றாண்டு ஓடிற்று, ஓய்.

பொய்யை நீர் கட்டிய அழகை நான் மெச்சியாக வேண்டும். கால்சட்டை எங்கே என்று உம் வீட்டுக்காரி, மதினி, கேட்டபோது, அதைக் கழற்றிக் கயிறாக்கித்தான் என்னை இழுத்ததாகச் சொன்னீர். மானத்தைக் கொடுத்து உயிரைக் காத்த மகான்! என் தோளைக் காட்டினேன். அதையும் நீரே எடுத்துக்கொண்டீர். இழுத்தவனுக்கும் இழுபட்டவனுக்கும் தோள் ஒரே மாதிரிதான் கழலும். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் அந்தக் கதை. மதினி எனக்கு மட்டும் ஒரு வடை கூடப் போடுவாள், செத்துப் பிழைத்தவன் என்று.

நான் மறுத்துப் பார்த்திருக்கிறேன். யார் நம்புவார்? சுந்தரவனத்துப் புலியின் காதைத் திருகியதாகச் சொன்னவன் நான். வங்காளிகளுக்கு ரசகுல்லா செய்யக் கற்றுக்கொடுத்ததே எங்கள் தாத்தா என்று சொன்னவன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் நிஜமாக நடந்தது, அதுதான் விலைபோகவில்லை.

அதுகூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அறையில் வேறு யாருமில்லை. குனிந்து கேட்டேன்: "இப்பவாவது ஒத்துக்கிடும்வே. யாரு முங்குனது?"

நீர் என் கையைத் தட்டிக்கொடுத்தீர். "ரொம்பப் பயந்துட்டீருல்லா அன்னைக்கு? நான் விட்டுருவேனாவே?"

பொய் சொல்லும்போது உம் இடது புருவம் ஏறும். அன்று ஏறவில்லை. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. எனக்காக ஒரே ஒரு தரம் ஏறியிருக்கக்கூடாதா? நீர் நடிக்கவில்லை, நம்பிக்கொண்டிருந்தீர். பொய் சொன்ன மனிதர் எப்போதோ போய்விட்டார், என்னைக் காப்பாற்றியவர் ஒருவர் அங்கே படுத்திருந்தார்.

பதினாறாம் நாளில் சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும், அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னான் உம் மகன். இதற்காகத்தான் வந்திருந்தேன். எழுந்து, அன்று சேற்றில் அமிழ்ந்தது இந்த வீட்டுக்காரர்தான் என்று ஆரம்பித்தேன். கூடம் சிரித்தது. "காக்கு, இன்னிக்குமா குல் அடிப்பீங்க?" என்றான் உம் மகன்; வங்காளத்தில் காக்கு என்றால் சித்தப்பா, குல் என்றால் கப்ஸா. நான் தோளைத் தூக்கிக்காட்டினேன், இன்னும் சிரித்தார்கள். மதினி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"புலி, யானை எதை வேணும்னாலும் மாத்திக்கிடுங்க அண்ணாச்சி. இத மாத்திராதீய. அவுகளுக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்."

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? முகத்தைப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

சொன்னேன், ஓய். நான்தான் அமிழ்ந்தேன் என்று சொன்னேன். சொல்லவந்த பிறகு மார்பளவு சேற்றோடு நிறுத்த என்னால் முடியுமா? மூக்குவரை போனேன். ஒரு முதலையையும் கூப்பிட்டேன். நீர் கால்சட்டையைச் சுழற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்து முதலையே வழிவிட்டது என்றேன். உம் பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சேறு விட்டதும் நீர் என் மேல் வந்து விழுந்தீர். எழுந்திருக்கவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தீர். உம் பற்கள் அடித்துக்கொண்டது என் காதுக்குள் கேட்டது. நானும் உம்மை விடவில்லை. வெகுநேரம் கிடந்தோம். நீர் திருத்திச் சொன்ன கதையிலும் அது கிடையாது, நான் ஊதிச் சொன்னதிலும் கிடையாது. அதை நான் வைத்துக்கொண்டேன்.

கோபம் அப்படியே இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளும் என்று சொல்ல நீர்தான் இல்லை.