குஞ்சு விடும் நாள்

மார்ச் 3, செவ்வாய்

மீன் கிடைத்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆறு கெட்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? அண்ணன்தான் கேட்டான்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சம்பளம் வாங்குகிறவள் நான். மேலே ஜல்லி கழுவும் ஆலை வந்ததிலிருந்து ஆறு வெளிறிக் கலங்கி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் குப்பியில் பிடித்துவந்து சோதித்தால் எல்லாமே வரம்புக்குள். விஷம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் ஆலையை விரிவாக்குவது பற்றிப் பொதுக்கூட்டம். ஆலைக்காரர்கள் அங்கே காட்டப்போவது அண்ணன் செயலாளராக இருக்கும் தூண்டில் சங்கத்தின் போட்டிப் படங்களைத்தான். ஆளுக்கொரு மீனைத் தூக்கிப் பிடித்தபடி, வாயெல்லாம் பல்.

"பாப்பா, உன் கண்ணு பொய் சொல்லும். மீன் சொல்லாது," என்றான்.

ஐம்பது வரப்போகிறது. இன்னும் பாப்பா.

மார்ச் 5

மறுபடி சோதித்தேன். வரம்புக்குள். எரிச்சலாக வருகிறது.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் பிடித்துவந்த மீனை அண்ணியும் நானும் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தோம். அந்தக் குழாய் ஒழுகுகிறது.

"இதைச் சரி பண்ணச் சொல்லி எத்தனை தடவை கேட்டாச்சு! பிடி குடுக்கறாரா? கழுவுற மீன்ல நழுவுற மீன் உங்க அண்ணன்," என்றாள் அண்ணி.

"கேக்குது," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"கேக்கத்தான் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே மீனைத் திருப்பினேன். வால் ஓரம் மழுங்கிப்போய், தேய்ந்த துடைப்பம் மாதிரி இருந்தது. அடுத்த மீனும் அப்படியே. அதற்கடுத்ததும். ஆற்றில் பிறந்து வளர்ந்த மீனுக்கு வால் இப்படி இருக்காது. சிமென்ட் தொட்டிக்குள் நெருக்கியடித்து வளர்ந்தால், சுவரில் உரசி உரசித்தான் இப்படித் தேயும்.

வருடாவருடம் போட்டிக்கு முன்னால் சங்கம் ஆற்றில் மீன்குஞ்சு விடுகிறது. ஆலை கொடுக்கும் இலவசம். எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் தண்ணீரையே சோதித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10

விடுப்பு எடுத்துக்கொண்டு, முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸோடு ஆற்றில் இறங்கினேன். இந்த மீன்கள் கூழாங்கல் இடுக்கில்தான் முட்டையிடும். கையை விட்டுப் பார்த்தேன். விரல் நுழையவில்லை. ஆலையிலிருந்து வரும் கல்மாவு படிந்து படிந்து அடியெல்லாம் பூசி மெழுகியது போல இறுகிக் கிடக்கிறது. முட்டை எங்கே போய் ஒட்டும்? எப்படி மூச்சுவிடும்?

இங்கே எதுவும் பிறப்பதில்லை. வந்து இறங்குகிறது, பிடிபடுகிறது. அவ்வளவுதான்.

இதைக் கூட்டத்தில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தப் படங்களுக்கு முன்னால் என் பேச்சு எடுபடாது. இந்த வருடம் சங்கம் மீன் விடக்கூடாது. விடாவிட்டால், போட்டி அன்று ஆறு எப்படி இருக்கிறதோ அப்படியே தெரிந்துவிடும்.

மார்ச் 12

அண்ணனிடம் சொன்னேன். கத்தினான்.

"அப்ப நான் புடிச்சதெல்லாம் தொட்டி மீனா? அதைத்தானே சொல்ல வர்றே? தூண்டிலைத் தொட்டிருப்பியா நீ வாழ்க்கையில? போட்டியில ஒண்ணும் மாட்டலைன்னா சங்கத்தை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்!"

நானும் கத்தியிருப்பேன். ஏனோ ஒன்று கேட்கத் தோன்றியது.

"அண்ணா, போன வருஷம் விட்ட குஞ்சு எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

"இவ்வளவு பெருசு," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

தூண்டில்காரன் கை. பாதியாகக் குறைத்தாலும் அது குஞ்சு இல்லை. அவனும் தன் கைகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். ஆரம்பத்தில் விரல் நீளத்துக்குத்தான் விட்டார்களாம். பிழைக்கவில்லை என்று அடுத்தடுத்த வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பேர் மட்டும் மாறவில்லை. குஞ்சு, குஞ்சு என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கையைக் கீழே போட்டான். எழுந்து போய்விட்டான்.

மார்ச் 15

பேச்சில்லை. அண்ணி மட்டும் போன் செய்தாள். "என்னடி சொன்ன அவர்கிட்ட? உக்காந்து குழாயைச் சரி பண்ணிட்டிருக்காரு. பயமா இருக்கு எனக்கு."

மார்ச் 20, வெள்ளி

சாயங்காலம் சங்கத்தில் கூட்டம். என்னைப் பேச விட்டார்கள். மழுங்கிய வால், இறுகிய அடி, எல்லாம் சொன்னேன். தலைவர் மீசையை நீவிக்கொண்டே கேட்டார். பிறகு: "அம்மா, நீங்க நிறையப் படிச்சவங்க. நாங்க பொழுதுபோக்குக்கு வர்றவங்க. எங்க பொழுதைக் கெடுக்காதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. எனக்காக வாயையும் திறக்கவில்லை. நாளை வழக்கம்போல் குஞ்சு விடுவதென்று முடிவு.

கோபமா? ஆமாம். சரி. சங்கம் இல்லாமலே பேசுகிறேன். கல்மாவை அள்ளிக்கொண்டு போய்ப் பொதுக்கூட்ட மேசைமேல் வைக்கிறேன். தொட்டுப் பார்க்கட்டும்.

மார்ச் 21, சனி

மீன் தொட்டியோடு லாரி காலையிலேயே வந்துவிட்டது. படித்துறைக்குப் போகும் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி செயலாளரிடம்தான் இருக்கும்.

"எங்கயோ விழுந்துருச்சு," என்றான் அண்ணன். கால்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு குடையைக்கூட இதுவரை தொலைத்தவனில்லை அவன்.

"பூட்டை உடைங்கப்பா," என்றார் தலைவர்.

"உடைக்கலாம். அதுக்கு முன்னாடி யாராவது மேல ஏறி, உள்ள இருக்கறது குஞ்சுதானான்னு பாத்துச் சொல்லுங்க," என்றான் அண்ணன்.

யாரும் ஏறவில்லை. கடைசியில் தலைவரே ஏறினார். மூடியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். இறங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்னையோ அண்ணனையோ பார்க்காமல் தள்ளிப் போய் நின்றார்.

"வெயில் ஏறுது சார். இறக்கறீங்களா, இல்லையா? செத்துப்போனா நான் பொறுப்பில்ல," என்றார் டிரைவர். பூட்டை உடைக்க யாரும் போகவில்லை. லாரி திரும்பிப் போனது.

அண்ணன் மதியம் என் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். பொதுக்கூட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.