மில் டீம் கோயம்புத்தூர் போகிறது

ஜூன் 4, திங்கள்

காலையிலேயே அனல். குழாயில் தண்ணீர் இல்லை. அடுத்த தெருவில் போய் இரண்டு குடம். தல்லாகுளம் ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போய், அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டெலிபோன் ஆபீஸ்.

பகல் ஷிப்ட். வெளியூர்க் கால்களை இணைக்கிற ட்ரங்க் போர்டில் எனக்குக் கோயம்புத்தூர் லைன். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் மதுரை மில் மேனேஜருக்கு ஒரு போன் கால், பேசுவது கோயம்புத்தூரிலிருந்து மில் முதலாளி. இணைத்துவிட்டு, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று ஒரு நொடி காதில் வைப்பது வழக்கம். வைத்தேன். அதோடு எடுத்திருக்க வேண்டும்.

"பாஸ்கட்பால் டீம் இனிமே இங்கதானுங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் பஸ் ஏத்தி அனுப்பிருங்க."

"கேப்டன் செல்வம்?"

"முட்டி போன ஆளு நமக்கு எதுக்குங்க? வேண்டாம். இப்ப அவன்கிட்ட எதுவும் சொல்லிக்க வேண்டாம். கடைசி மேட்ச் ஆடட்டும்."

அப்புறம்தான் காதிலிருந்து எடுத்தேன். திரும்பினால் சூப்பர்வைசர் மெர்சி மேடம். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

கேட்கக் கூடாது. கேட்டதை வெளியே சொன்னால் வேலை போகும். போன வருடம் ஒருத்திக்குப் போனது, நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் இவர் தாலுகா ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஞாயிறு மேட்ச் பற்றியே பேச்சு. ரசத்தில் உப்பு இல்லையாம். எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 5, செவ்வாய்

சாயங்காலம் மில் கிரவுண்டு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்களுக்குச் சினிமா, கோயில் எல்லாம். இவர் காதர் பாயோடு ஆண்கள் பக்கம். காதர் பாய்க்குச் சைக்கிள் கடை, பிராக்டிஸ் நாளில் கடையைச் சாத்திவிடுவார். நான் செல்வத்தின் மனைவி பார்வதியோடு ஓரப் பலகையில். அவளுக்கு ஏழாம் மாதம்.

செல்வம் சோழவந்தான் பையன். வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். ஆட்டத்துக்காகவே மில்லில் வேலை போட்டுக் கொடுத்து, குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். இன்று பந்தோடு எம்பிக் குதித்து இறங்கினபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டார், யாரும் பார்க்காத மாதிரி. நான் பார்த்தேன்.

பார்வதியிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. தலைவலி என்றேன்.

ஜூன் 6, புதன்

ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஸ் வாடகைக்குப் பேசியது மில் கேன்டீன் வழியாகக் கசிந்ததாம். கசிந்தது டீம் போகிற சேதி மட்டும். செல்வத்தை விட்டுவிட்டுப் போவது யாருக்கும் தெரியாது.

கிரவுண்டு வாசலில் ஒரே கூட்டம். காதில் விழுந்தவை:

"சட்டையில மதுரைன்னுல்ல எழுதியிருக்கு. அதைக் கிழிச்சிட்டா போவாங்ய?"

"சம்பளம் மில்லு குடுக்குது, சரி. கை தட்டுனது யாரு?"

"அங்க போய் தோத்தா யாருண்ணே அழுவா?"

காதர் பாய் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, பஸ்ஸு முன்னால படுத்துருவோம். மேல ஏத்திட்டுப் போகட்டும்." இவர் தலையாட்டினார். கண்ணெல்லாம் சிவப்பு. இவர் அப்பா இறந்தபோதுகூட இவரை இப்படிப் பார்க்கவில்லை. அரசாங்க வேலைக்காரர், போலீஸ் பிடித்தால்?

பார்வதி மட்டும் சிரித்த முகம். "கோயம்புத்தூர்ல வெயிலே இருக்காதாமேக்கா? எங்கம்மாவைப் பிரசவத்துக்கு அங்கேயே வரச் சொல்லிட்டேன்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: இங்கே ஒரு பாங்க்கில் புதிதாக டீம் கட்டுகிறார்கள். ஆடவும், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செல்வத்தைக் கூப்பிடுகிறார்கள். நிரந்தர வேலை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "டீமை விட்டுட்டு எப்படிப் போறதுங்குறாரு. வேணாம்னு சொல்லப் போறாரு."

அங்கேயே சொல்லியிருக்கலாம். பின்னால் யாரோ நிற்கிற மாதிரியே இருந்தது. யாரும் இல்லை.

ஜூன் 7, வியாழன்

இவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் பத்து நிமிஷத்தில் காதர் பாய் கடை, அப்புறம் கோரிப்பாளையம் முழுக்க. என் சம்பளம் நின்றால் வீட்டு வாடகை, மாமியார் மருந்து, எல்லாம் இவர் ஒருவர் தலையில். ஆபீஸில் மெர்சி மேடம் என் நாற்காலிப் பக்கம் வரும்போதெல்லாம் போர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு ட்ரங்க் கால்களைத் தப்பான நம்பருக்குப் போட்டேன்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்தது. வீட்டுக்குப் போகவில்லை, மில் பஸ் ஸ்டாப். செல்வம் வந்தார், தோளில் பை.

"என்னக்கா இந்தப் பக்கம்?"

"தம்பி, பாங்க் வேலையை விட்ராதீங்க."

சிரித்தார். "நீங்களுமாக்கா? டீமு போற எடத்துக்கு..."

"டீமு போகுது. உங்களைக் கூட்டிட்டுப் போகல. முட்டி போன ஆளு எதுக்குன்னு மொதலாளி வேணாம்னுட்டாரு."

சிரிப்பு அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"அதை மட்டும் கேக்காதீங்க. பார்வதியை நெனச்சுக்கங்க."

என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியும். முகத்தையே பார்த்தார். பஸ் வந்தது, ஏறவில்லை. நான் ஏறிவிட்டேன். கண்டக்டர், "எங்கம்மா போகணும்?" என்று மூன்று தடவை கேட்டார்.

ஜூன் 9, சனி

செல்வம் பாங்க்கில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பார்வதி வீட்டுக்கே வந்து சொன்னாள், அழுதுகொண்டே. எனக்கு அப்பாடா என்று இருந்தது, அவள் அடுத்ததைச் சொல்கிற வரைக்கும்.

மில்லில் ராஜினாமா கொடுக்கப் போன இடத்தில் மேனேஜர், "நன்றி கெட்டவன்" என்று திட்டியிருக்கிறார். செல்வம் ஆத்திரத்தில், "முட்டி போன ஆளு எதுக்குன்னு மொதலாளி சொன்னாராமே சார்?" என்று கேட்டுவிட்டார்.

அதே வார்த்தை. முதலாளி போனில் தவிர வேறெங்கும் சொல்லாத வார்த்தை.

"உங்க பேரைச் சொல்லலக்கா. சத்தியமாச் சொல்லல. வாய் தவறிருச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு."

பேர் எதற்கு? திங்கட்கிழமை அந்த லைனில் இருந்தது யார் என்று பார்த்தால் போதும்.

ஜூன் 10, ஞாயிறு

கடைசி மேட்ச். மரத்தின் மேலெல்லாம் ஆட்கள். வாசலில் போலீஸ் வேன். இவர் சட்டைப்பை கனமாக இருந்தது. கை விட்டுப் பார்த்தேன். கல்.

"என்னங்க இது?"

"சும்மா வச்சிருக்கேன்."

"எடுத்துப் போடுங்க."

"நீ போய் உக்காரு."

ஆட்டம் எதுவும் மனதில் ஏறவில்லை. இவரையும் போலீஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தார்கள். கை தட்டல் இல்லை. அவ்வளவு கூட்டம் சத்தமில்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

பிளேயர்கள் பைகளோடு பஸ்ஸில் ஏறினார்கள். காதர் பாய் முதல் ஆளாக முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துவிட்டார். பின்னால் ஐந்தாறு பேர். போலீஸ் லத்தியோடு இறங்கியது. இவர் கை சட்டைப்பைக்குள்.

அப்போது செல்வம் ஆடின சட்டையோடேயே வந்து காதர் பாய் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு.

"பாய், எந்திரிங்க. அவங்ய என் பசங்க. வவுத்துப் பொழப்புக்குப் போறாங்ய."

"நீயும் போறியேப்பா!"

"நான் போகல. என்னை வேணாம்னுட்டாங்க. இங்கதான் இருக்கேன்."

காதர் பாய் எழுந்து, செல்வத்துக்குக் கை கொடுத்துத் தூக்கினார். வழி விட்டார்கள். பஸ் போனது. ஜன்னலில் ஒரு பையன் முகத்தை மூடிக்கொண்டான்.

இவர் கல்லை எங்கே போட்டார் என்று பார்க்கவில்லை.

ஜூன் 11, திங்கள்

போனதும் கூப்பிட்டார்கள். மெர்சி மேடம் அறையில் கதவைச் சாத்தச் சொன்னார்.

"மில்லுல இருந்து புகார். அன்னைக்குக் கோயம்புத்தூர் லைன்ல நீதான்."

"ஆமாம் மேடம்."

"எம்புட்டு நேரம் காதுல வச்சிருந்தன்னு நான் பாத்தேன்."

"ஒட்டுக்கேட்டது உண்மைன்னு எழுதிக் குடுத்துர்றேன் மேடம்."

"எழுதினா வேலை போயிரும். லைன்ல குறுக்குப் பேச்சு விழுந்து வேற யாருக்காவது கேட்டிருக்கலாம்னு பதில் அனுப்பிட்டேன். விழத்தானே செய்யுது." அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனா ட்ரங்க் போர்டுல இனிமே உன்னை உக்கார வைக்க மாட்டேன். என்னால உன்னை நம்ப முடியாது."

வேலை தப்பியது. கடைசி வார்த்தை பஸ் முழுக்கக் கூடவே வந்தது.

ஜூன் 12, செவ்வாய்

இவரிடம் எல்லாம் சொன்னேன். வேலை போயிருக்குமே என்று பதறுவார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தத் திங்கக்கிழமையே தெரியுமா உனக்கு?"

"ஆமாங்க."

"மறுநாள் காலையில எம்பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சியே."

எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வெகுநேரம் கழித்து வந்து வாசலில் நின்றபடியே, "சொல்லாம இருந்ததும் நல்லதுதான். கத்தியே கெடுத்திருப்பேன்." அப்புறம், "சாயங்காலம் எங்க போறதுன்னுதான் தெரியல, வசந்தா."

எனக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லப் பயமாக இருந்தது.

ஜூன் 14, வியாழன்

மேகம். மழை இல்லை. என்கொயரிப் பிரிவில் முதல் நாள். யாருக்கு எந்த நம்பர் என்று பார்த்துச் சொல்வது, வேறு பேச்சுக் கூடாது. ஆஸ்பத்திரி. நெல் மண்டி. தியேட்டர். ஆஸ்பத்திரி.

மூன்று மணிக்கு ஒரு வயதான குரல், கடை போனிலிருந்து.

"மில்லு நம்பர் குடு தாயி. மேட்ச் உண்டானு கேக்கணும். எழுமலையிலருந்து பஸ் ஏறி வந்திருக்கேன். கிரவுண்டு கேட்டு பூட்டிக் கெடக்கு."

நம்பர் மட்டும்தான் சொல்ல வேண்டும். மெர்சி மேடம் எதிரிலேயே நின்றார்.

"டீமு கோயம்புத்தூர் போயிருச்சுங்கய்யா."

"போயிருச்சா" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"செல்வமுமா?"

"இல்லைங்கய்யா. இங்கதான் இருக்காரு."

"எங்கனக்குள்ள ஆடுறாரு?"

பாங்க் நம்பரைச் சொன்னேன். அவருக்கு எழுதத் தெரியாதாம், எழுதிக்கொள்ள ஆளும் இல்லையாம். அவர் மனப்பாடம் செய்யும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.